உள்ளங்கை அளவு கம்பளம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் ஹோட்டலில் பாரம்பரியம் நடக்கும். நடத்துபவன் நான்தான்.

அதற்கான வேட்டியும் தலைப்பாகையும் முதலாளி வாங்கிக் கொடுத்தவை. தலைப்பாகை தைத்தே வந்தது. தொப்பிபோல மாட்டிக்கொண்டால் போதும். தூபக்காலில் கரியைப் போட்டு, கனிந்ததும் சாம்பிராணி தூவி, வரவேற்பறையை மூன்று முறை சுற்றி வர வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலையை மனைவி செய்கிறாள். ஒரு காலிப் பால் டின்தான் அவளுடைய தூபக்கால். சுற்றுவதும் ஒரே முறைதான், ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் அதற்குமேல் சுற்ற இடம் கிடையாது. ஹோட்டலில் இடம் இருந்ததால் பக்தியும் மூன்று சுற்றானது.

முதலாளி ஜுரு என்ற ஊரில் இருபது வருஷம் பழைய கார் விற்றவர். அங்கே பழையதைப் புதியதுபோலக் காட்டுவது தொழில். ஜார்ஜ்டவுனில் இரண்டு கடைவீடுகளை வாங்கி நடுச்சுவரை இடித்து ஹோட்டல் ஆக்கிய பிறகு, புதியதைப் பழையதுபோலக் காட்டுவது தொழில். சுவரில் புதுச் சுண்ணாம்பைப் பூசி, அது காய்ந்ததும் ஆள் வைத்துச் சுரண்டினார். சுரண்டிய கூலி பூசிய கூலியைவிட அதிகம் என்று கேள்வி.

நான் அங்கே சேர்ந்ததற்கும் இந்தப் பாரம்பரியம்தான் காரணம். ஜெலுத்தோங்கில் ஒரு குஷன் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் கார் சீட்டும் மோட்டார் சைக்கிள் சீட்டும் தைத்தேன். பட்டறையை விற்றார்கள். வாங்கியவர்கள் அதைக் காப்பிக்கடை ஆக்கி, நான் உட்கார்ந்து தைத்த பலகையைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். பலகைக்கு அங்கே வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன், ஐம்பதைத் தாண்டியவன், நேர்முகத் தேர்வில் பெயர் கேட்டாலே காதுவரை சிவப்பவன். ஏழு இடங்களில் இல்லை என்றார்கள். எட்டாவது இடத்தில் முதலாளி என் மீசையைப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சி போதும்லா, நாளைக்கே வந்துரு" என்றார்.

வரவேற்பறையின் நடுவில்தான் அந்தக் கம்பளம் கிடந்தது. அடர்சிவப்பு நிறம், ஓரமெல்லாம் நீலப் பூக்கள். முதலாளி இஸ்தான்புல் சுற்றுலா போனபோது கொண்டுவந்தது. வருகிற விருந்தினர் ஒவ்வொருவரையும் அதன் ஓரத்தில் நிறுத்தி வைத்துக் கதை சொல்வார். மலைக்கிராமத்தில் ஒரு குடும்பமே மூன்று வருஷம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டு நெய்ததாம். நூற்றிருபது வருஷப் பழசாம். முதலாளி பேசும் ஆங்கிலம் எனக்குப் புரியும், ஏனென்றால் அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான் தெரியும். ஒரு வருஷம் கேட்டதில் கதை மனப்பாடமாகிவிட்டது. கம்பளத்தைக் கூட்டும்போதெல்லாம் அந்தக் குடும்பத்திடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கூட்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது சுற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கைப்பேசியை நீட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்தார். "ஒன் போட்டோ, பிளீஸ்." யாராவது என்னை உற்றுப் பார்த்தால் என் கால் தானாக ஓரடி பின்னால் போகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றும் போனது. பின்னால் இருந்த பிரம்பு நாற்காலி குதிகாலில் இடித்தது. தூபக்கால் சாய்ந்து, ஜாதிக்காய் அளவில் ஒரு கங்கு கம்பளத்தில் விழுந்து உடைந்து உருண்டது.

கத்தியிருக்கலாம், தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் வாயைத் திறக்க வேண்டும். நான் வெறுங்காலை அதன்மேல் வைத்து நின்றேன்.

அந்தப் பெண்மணி நான்கு படம் எடுத்தார். என் கண்ணில் நீர் நிறைந்து வழிவதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. "பியூட்டிபுல்" என்றார். அந்தப் படத்தை அவர் முதலாளிக்கு அனுப்ப, முதலாளி அதைப் பெரிதாக்கி ஹோட்டல் விளம்பரத்தில் போட்டுவிட்டார். இன்றும் இருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் 'பக்தி' என்று எழுதியிருக்கிறதாம்.

எல்லோரும் மாடிக்குப் போன பிறகு காலை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்காலில் கொப்புளம், அதன் ஓரத்தில் ஏதோ கறுப்பாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்தேன். என் தோல்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கம்பளத்தில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு கரிய வட்டம். ஒரு நீலப் பூவின் பாதி இதழும் அதில் போயிருந்தது.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒரு பீங்கான் ஜாடியை உடைத்த அன்றே அனுப்பப்பட்டார். ஜாடிக்கே அப்படி. நூற்றிருபது வருஷத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே, வாசலில் பூ மிதந்துகொண்டிருந்த பித்தளை உருளியைத் தூக்கிவந்து அந்த வட்டத்தின்மேல் வைத்தேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி விற்பவள். காலையில் நான்கு மொழியில் பேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேச மிச்சம் வைத்திருப்பாள்.

"கை தவறிடுச்சின்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லலாம்தான்."

"எங்க, சொல்லிக் காட்டுங்க பாப்போம். நாந்தான் உங்க முதலாளி." நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "என்னா தம்பி, என்னா விசயம்?"

நான் அவள்முன் நின்றேன். வாயைத் திறந்தேன். சுவரில் ஒரு பல்லி ஓடியது, அதைப் பார்த்தேன். வாயை மூடினேன்.

"போங்க," என்றாள். "அந்த ஆளு உங்கள வேலைய விட்டு நிறுத்துனாக்கூட, சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு மறுநாளும் போயி நிப்பீங்க."

மறுநாள் முதலாளி உருளியைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். விருந்தினர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால், அது தம்முடைய யோசனைதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஆனால் என் மகிழ்ச்சி நான்கு நாள்தான். "ரெண்டு மாசத்துல மேகசின்காரங்க வந்து படம் எடுக்குறாங்க. அன்னைக்கு உருளி வேணாம், எடுத்துரு. கார்ப்பெட் முழுசா தெரியணும்" என்றார். வேலையில் எனக்கு இரண்டு மாதம் மிச்சம் என்பதை அப்படித் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஹோட்டலுக்கு இரண்டு வீடு தள்ளி மாடியில் ஏதாவது ஒரு வகுப்பு நடந்துகொண்டே இருக்கும். ரொட்டி சுடும் வகுப்பு, மூச்சு விடும் வகுப்பு, மண்பானை வகுப்பு. அந்த வாரம் ஐந்தடியில், அதாவது கடைவீடுகளின் முன்நடையில், புதுப்பலகை வைத்திருந்தார்கள். துருக்கிக் கம்பளம் முடிச்சுப் போடும் முறை, ஆறு சனிக்கிழமை காலைகள். ஆசிரியை முப்பது வயதுத் தமிழ்ப் பெண். துருக்கிக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவர். லோரியிலிருந்து இறக்கிய பலகைகளை வைத்துக்கொண்டு, சட்டம் அடிக்கத் தெரியாமல், சுத்தியலைத் தவறான பக்கம் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் சுத்தியலை வாங்கி ஒன்பது சட்டம் அடித்துக் கொடுத்தேன். மேலும் கீழும் வரிசையாக ஆணி. அதில் நூலை மேலிருந்து கீழே இழுத்துக் கட்டினால் அதுதான் தறி. என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கைகாட்டி வேண்டாம் என்றுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அப்புறம் மூன்று நாள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து, நான்காம் நாள் அவர் எதிரில் போய் நின்று சொல்லி முடித்தேன்.

"நானும் ஒரு ஓரத்துல உக்காந்து பாக்கலாமா டீச்சர்?"

"ஓரத்துல எதுக்கு அண்ணே? எட்டுப் பேருதான் வர்றாங்க, ஒம்போதாவது தறி சும்மாத்தான் கெடக்கு. நடுவுல உக்காருங்க."

நான் ஓரத்தில்தான் உட்கார்ந்தேன்.

வந்திருந்த எட்டுப் பேரும் ஏசி காரில் வந்தவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஏப்ரன் கட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு டத்தின். கணவருக்கு டத்தோ பட்டம் கிடைத்ததால் இவருக்கு அந்தப் பெயர். பத்து விரலிலும் நீள நகம், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கல். எதிரில் ஒரு வக்கீல். மன அழுத்தம் குறைய டாக்டர் நெசவு செய்யச் சொன்னாராம். முதல் மணி நேரத்தில் நூல் மூன்று முறை சிக்கியதில் அவருடைய அழுத்தம் முகத்தில் தெரிந்தது.

"மொதல்ல எல்லாரும் கண்ண மூடுங்க," என்றார் டீச்சர். "கையில இருக்குற நூல் கிட்ட மனசுக்குள்ள பேசுங்க."

எனக்கு மனிதர்களிடமே பேச வராது. பக்கத்தில் எல்லோரும் நீளமாகப் பேசிக்கொண்டிருப்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. நான், நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு அத்தோடு விட்டேன்.

பேச்சு முடிந்ததும் வேலை எளிதாகத்தான் இருந்தது. மேலிருந்து கீழே கட்டிய நூல் பாவு. பக்கத்துப் பக்கத்துப் பாவு இரண்டின் குறுக்கே கம்பளி நூலைப் போட்டு, இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுபோய், நடுவில் வெளியே எடுத்துக் கீழே இழுத்தால் ஒரு முடிச்சு. மிச்ச நூலை வெட்டிவிட்டால் இரண்டு முடி நிற்கும். அந்த முடிதான் கம்பளம். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். குஷன் பட்டறையில் பழகிய விரலுக்கு முதல் நாளே பிடிபட்டது. ஒரு குறைதான். வெட்டும்போது குட்டையாகிவிடுமோ என்ற பயத்தில் முடியை நீளமாகவே விட்டுவிடுவேன். "அண்ணே, இன்னும் வெட்டுங்க, முடிவெட்டாத புள்ள மாதிரி நிக்குது" என்று டீச்சர் ஆறு வாரமும் சொன்னார்.

டத்தினுக்கு நகம் தடுத்தது. கல் இரண்டு நூலில் மாட்டிக் கழன்றது. "அண்ணே, இந்த ஒரு வரிசைய மட்டும் போட்டுக் குடுங்களேன்" என்று தறியை என் பக்கம் தள்ளினார். அதிலிருந்து என்னுடையதும் அவருடையதுமாக இரண்டு தறி. அவர் எனக்குப் பதிலாக எல்லோரிடமும் பேசினார். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

இரண்டாவது வாரம் அவரவர் வடிவத்தைச் சொல்லச் சொன்னார்கள். டத்தின் நீல அலைகள் போடுவதாகச் சொன்னார். அது அவருடைய அகப்பயணமாம். வக்கீல் தம்முடைய அலுவலக முத்திரையைப் போட்டார். என் முறை வந்தது.

"அண்ணே, உங்களோடது?"

"செவப்பு, டீச்சர்."

"செவப்புல என்ன?"

"செவப்பு மட்டும்."

 கருகிய இடத்தை அடைக்க நான் பழகிக்கொள்ள வேண்டியது அந்த அடர்சிவப்பு ஒன்றுதான். அதைச் சொல்ல முடியாமல் குனிந்துகொண்டேன். டீச்சர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களா? எதுவுமே இல்லாம ஒண்ணு செய்ய எவ்ளோ தைரியம் வேணும்!" வக்கீல் தம் முத்திரையைக் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்தார். அடுத்த வாரம் மூன்று பேர் தங்கள் பூவையும் பறவையையும் பிரித்துவிட்டு ஒற்றை நிறத்துக்கு மாறினார்கள்.

நான்காவது சனிக்கிழமைதான் என் நிம்மதி போனது. கம்பளம் வாங்கப் போகும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று டீச்சர் காட்டினார். ஒரு தட்டில் கம்பளி நூல் துண்டைக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம் வந்தது. விரலால் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது.

"இது உண்மையான உல். இப்ப இதப் பாருங்க." இன்னொரு நூலைக் கொளுத்தினார். அது சுருங்கியது, உருகிச் சொட்டியது, கறுப்பு மணிபோலக் கெட்டியானது. அறை முழுவதும் பிளாஸ்டிக் பை எரியும் நாற்றம். "இது மெஷின் கார்ப்பெட். கையால முடிச்சுப் போட்டதுன்னு சொல்லி டூரிஸ்ட் தலையில கட்டிருவாங்க. பாவம், வாங்குனவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

தட்டிலிருந்த அந்தக் கறுப்பு மணியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். என் உள்ளங்காலுக்கு அது ஏற்கனவே பழக்கம்.

பிற்பகல் வேலைக்குப் போனதும், வரவேற்பறையில் யாரும் இல்லாதபோது கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கினேன். கையால் முடிச்சுப் போட்டதென்றால் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரியும், ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் மிச்சமாக இருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இங்கே பின்பக்கம் பசை தடவி, சாக்குப்பைபோல விறைப்பாக இருந்தது. குஞ்சம் தனியாக வாங்கித் தையல் மெஷினில் வைத்துத் தைத்தது. இருபத்தைந்து வருஷம் சீட் தைத்தவன் நான். ஒரு வருஷம் தினமும் இரண்டு வேளை அந்தக் கம்பளத்தைக் கூட்டியவன். அந்தத் தையல் ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. முதலாளியின் கதையைத்தான் அத்தனை நாளும் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனைவி சந்தோஷப்பட்டாள். "அப்பறம் என்னா? டுப்ளிகேட்டுதானே எரிச்சீங்க. பயம் விட்டுச்சு!"

எனக்குப் பயம் இரட்டிப்பாகத்தான் ஆனது. எரித்ததற்கு மட்டும் வேலை போயிருக்கும். இப்போது நான் எரித்ததைச் சொன்னால், எரிந்தது என்ன என்பதையும் சொன்னதாகிவிடும். இஸ்தான்புல்லில் எவனோ ஏமாற்றியது தெரியாமல், விருந்தினர்கள் எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் மனிதரிடம் அதைப் போய்ச் சொல்லும் ஆள் நானில்லை. முதலாளி பாவம் என்று முதல்முறையாகத் தோன்றியது. என் வேலையும் நிற்க வேண்டும், அவருடைய கதையும் நிற்க வேண்டும். வழி ஒன்றுதான்.

முதலாளி செவ்வாய்க்கிழமைகளில் ஜுருவில் பழைய நண்பர்களைப் பார்க்கப் போவார். வரவேற்பு மேசைப் பெண் பிற்பகல் ஒரு மணி நேரம் சாப்பிடப் போவாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு. உருளியை நகர்த்தி, உருகிய கட்டிகளைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். அடியில் சல்லடைபோல நூல் தெரிந்தது. சீட் தைக்கும் வளைந்த ஊசி என்னிடம் இருந்தது. அதில் கம்பளி நூலைக் கோத்து, அந்தச் சல்லடையின் இரண்டு இழையைப் பிடித்து, டீச்சர் சொன்ன அதே முடிச்சைப் போட்டேன். மூன்று செவ்வாய்க்கிழமை ஆனது. பூவின் பாதி இதழுக்கு நீலம் வேண்டியிருந்தது. அதை டத்தினின் அகப்பயணத்திலிருந்து கேட்டு வாங்கினேன்.

"ப்ளூ எதுக்கு அண்ணே? நீங்கதான் செவப்பு மட்டும்னு சொன்னீங்க?"

"சும்மா, டத்தின்."

"சும்மாவா? மனசு மாறுது அண்ணனுக்கு!" என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டு ஒரு கை நிறையக் கொடுத்தார்.

முடித்துப் பார்த்தேன். அந்தக் கம்பளத்தில் துருக்கி முறைப்படி கையால் முடிச்சுப் போட்ட இடம் அந்த உள்ளங்கை அளவு மட்டும்தான். சுற்றியிருந்ததெல்லாம் பளபளத்தது. இது மட்டும் அடங்கிய சிவப்பாக, ஒரு நூல் உயரமாக நின்றது.

படம் எடுக்கிறவர்கள் வரும் காலையில் உருளியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, விளக்குமாற்றோடு தூணருகே நின்றேன். இரண்டு விருந்தினரோடு முதலாளி வந்தார். கதை ஆரம்பித்தது. மலைக்கிராமம், குடும்பம், மூன்று வருஷம். நடந்துகொண்டே பேசியவரின் செருப்பில்லாத கால் அந்த இடத்தில் பட்டது. நின்றார். குனிந்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நிமிர்ந்து அறை முழுவதையும் பார்த்தார். தூணையும் பார்த்தார்.

போயிற்று என்று நினைத்தேன். வீட்டில் மனைவியின் முன் நின்ற மாதிரியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதலாளி விருந்தினர்களிடம் திரும்பினார். "இந்த எடத்தப் பாருங்க," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "வேணும்னே விட்ட தப்பு. கடவுள் மட்டுந்தான் குறையே இல்லாமச் செய்வாரு. அதனால அந்தக் காலத்து நெசவாளி ஒவ்வொரு கம்பளத்துலயும் ஒரு எடத்த இப்படி மாத்திப் போடுவான்."

விருந்தினர்கள் மண்டியிட்டுவிட்டார்கள்.

படம் எடுக்க வந்தவர்கள் கம்பளத்தை முழுதாக ஒரு படமும், அந்த இடத்தை மட்டும் எட்டுப் படமும் எடுத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் கதை வளர்ந்தது. ஒருநாள் நெசவாளி இறந்துபோய் மகள் தொடர்ந்து முடித்த இடம் அது. இன்னொரு நாள் கல்யாணமாகிப் போகும் பெண் தன் கண்ணீர் விழுந்த இடத்தை அடையாளம் வைத்தாள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டார்கள். ஒரு கிழவர் அங்கிருந்து ஏதோ அதிர்வு வருவதாகச் சொன்னார். முதலாளி நம்புகிறார் என்றே நினைத்தேன். ஏமாந்தவர் மேலும் ஏமாறுகிறார், அதற்கு நானே காரணம் என்று உறுத்தியது.

வகுப்பு முடிந்து ஒரு மாதம் ஆனபின், அதைக் கொண்டாட டீச்சர் ஒரு தேநீர் விருந்து வைத்தார். வைத்த இடம் எங்கள் வரவேற்பறை. வெள்ளிக்கிழமை வேறு. நான் வேட்டி தலைப்பாகையோடு டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் எதிரில் உட்கார்ந்திருந்த வக்கீல் கப்பை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. டத்தின்தான் கண்டுபிடித்தார்.

"ஐயோ அண்ணே! நீங்க இங்கயா வேல செய்றீங்க? சொல்லவே இல்ல?"

"கேக்கல, டத்தின்."

முதலாளி எல்லோரையும் கம்பளத்தின் ஓரத்தில் நிறுத்தினார். அன்று கண்ணீர்க் கதை. முடிந்ததும் டத்தின் மண்டியிட்டு, கல் பதித்த நகத்தால் அந்த இடத்து முடியை விலக்கிப் பார்த்தார். பாதி இதழின் நீலத்தைப் பார்த்தார்.

"இங்க மட்டும் முடி கொஞ்சம் உசரமா நிக்குதே," என்று மெதுவாகச் சொன்னார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் கால் ஓரடி பின்னால் போனது.

டீச்சருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. "பின்பக்கம் பாத்தா எத்தன முடிச்சுன்னு எண்ணிரலாம் சார். கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?" என்று குனிந்து மூலையைப் பிடிக்கப் போனார்.

முதலாளி நகர்ந்து அந்த மூலையின்மேல் நின்றார். "வேணாம் டீச்சர். பழசு. தூசி அடிக்கும், ஒங்களுக்கு இருமல் வரும்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் விற்ற மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் காலை அழுத்தி வைத்திருந்தார். சூடான கங்கின்மேல் ஒருவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

"இருமல் எல்லாம் வராது சார்," என்று டீச்சர் அடுத்த மூலைக்குப் போனார். முதலாளியால் இரண்டு மூலையில் நிற்க முடியாது. அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கைப்பேசியை வேறு தூக்கிப் பிடித்திருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் நான் ஓரடி முன்னால் வைத்தேன். அப்புறம் இன்னொரு அடி. டீச்சரின் விரல் படுவதற்கு முன்னால் அந்த மூலையில் போய் நின்று தட்டை நீட்டினேன்.

"டீ ஆறிரும், டீச்சர்."

டீச்சர் குனிந்தபடி என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ஒரு மூலையில் நான், இன்னொரு மூலையில் முதலாளி, சாமிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் காவல்காரர்கள் மாதிரி. டத்தின் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"விடுங்க டீச்சர், எங்கயாச்சும் கிழிஞ்சிரப் போவுது. வாங்க, கேக் வெட்டலாம்." போகும்போது என் காதருகே, "என் ப்ளூ நல்லா இருக்குலா, அண்ணே" என்றார்.

எல்லோரும் போன பிறகு கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா தெரியும் ஒனக்கு?"

"எது முதலாளி?"

"எதுன்னா? மெஷின் சாமான்னு."

"ஒரு... ரெண்டு மாசம் இருக்கும்."

"எனக்கு வாங்குனப்பவே தெரியும்," என்றார். "ஒரிஜினல் வாங்குனா ஜனங்கள மிதிக்க விட முடியுமா?" காலால் என் இடத்தைக் காட்டினார். "ஜுருவுல இருபது வருசம் கார் வித்தவன் நான். டச்சப் பெயிண்ட் எங்க அடிச்சிருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். உருளிய எடுத்த அன்னைக்கே பாத்துட்டேன். நீ தூண் பக்கத்துல நின்ன நிப்பையும் பாத்தேன்."

நான் கப்புகளோடு நின்றேன். இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன்.

"கேட்டிருப்பேன். கேட்டா நீயும் எதாச்சும் சொல்லுவ. எதுக்கு?" எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "அடுத்த வாரத்துலேருந்து சாம்பிராணிய வெளிய ஐந்தடியில காட்டு. உள்ள வேணாம். அந்த எடத்துல முடி ரொம்ப உசரமா இருக்கு, பொம்பளையாளு ஒடனே கண்டுபிடிச்சிருச்சி. கத்திரிக்கோல் எடுத்து லெவல் பண்ணிரு."

மறுநாள் கத்திரிக்கோலோடு மண்டியிட்டு உட்கார்ந்தேன். பாதி வெட்டியிருப்பேன், ஒரு ஜோடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தைத் தொட வேண்டும் என்றது. நகர்ந்து இடம் கொடுத்தேன். மீதிப் பாதி இன்னும் உயரமாகத்தான் நிற்கிறது. அதற்கும் முதலாளியிடம் ஒரு கதை இருக்கிறது.

வகுப்பில் நான் செய்த சிவப்புச் சதுரத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தனை நாளும் அலமாரியில் கிடந்தது. வேலை போகவில்லை என்றதும் மனைவி கேட்டாள்.

"அப்ப வாயத் தொறந்து சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. அவரே சொல்லிட்டாரு."

"அதான பாத்தேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அந்தச் சதுரத்தை சாமி அலமாரியின் முன்னால் தரையில் விரித்து, கங்கு நிறைந்த பால் டின்னை அதன்மேல் வைத்தாள்.

"அடியில சூடு இறங்காதா?" என்றேன்.

"கம்பளிதானே? உருகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். இருந்தாலும் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.